மொராக்கோ மீன் தஜீன்: நிறையும் குறையும்

மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் சாஃபி, எஸ்ஸவீரா போன்ற ஊர்களின் வீட்டு மீன் குழம்பு இரண்டை நம்பி நிற்கிறது. ஒன்று, கூம்பு மூடி போட்ட தஜீன் என்னும் மண்சட்டி. மற்றொன்று, செர்மூலா என்னும் பச்சை மசாலா. கொத்தமல்லித்தழை, பார்ஸ்லி, பூண்டு, சீரகம், பாப்ரிகாத் தூள், உப்பு ஆகியவற்றை இடித்து, எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் விட்டுக் குழைத்தால் செர்மூலா. சீரகமும் பாப்ரிகாவும் எண்ணெயில் மணம் இறக்குகின்றன; எலுமிச்சை மீன் கவிச்சியை அடக்குகிறது. வதக்கல், தாளிப்பு எதுவுமின்றி இவ்வளவு ஆழமான சுவை தருவது அரிது. ஆனால், இதில் மீனை இரவு முழுக்க ஊறவைப்பது தவறு. புளிப்பு ஏறி, மேல்சதை வெளுத்து இறுகிவிடும். அரைமணி நேரமே போதும்.

சட்டியின் அடியில் நீளவாட்டில் நறுக்கிய கேரட்டைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவது நல்ல உத்தி: மீன் அடிப்பிடிக்காது. அதன்மேல் உருளைக்கிழங்கு, தக்காளி, குடைமிளகாய், மீன், ஆலிவ் காய்கள் என்று அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடுப்பில் ஏற்றுவதில்தான் பிழை. சிறுதீயில் கிழங்கு வேக அரைமணிக்கு மேலாகும். விரற்கடை தடிமனுள்ள மீன் துண்டுக்குப் பத்து நிமிடம் போதும். இறைச்சியின் கெட்டியான இணைப்புத் திசு இளக நெடுநேரம் வேண்டும். மீனில் அது குறைவு. இறைச்சித் தஜீனின் நேரக்கணக்கை மீனுக்குப் போட்டால் சதையிலிருந்து வெள்ளைத் திட்டுகள் கசிந்து, உள்ளே சக்கையாகிறது. திரிப்போலி யூதர்களின் ஹ்ரைமே என்னும் மீன் குழம்பு இதில் தேர்ந்தது: பூண்டும் மிளகாயும் தக்காளியும் சேர்ந்த சாறு கெட்டியான பிறகே மீன் இறங்குகிறது. தஜீனிலும் பாதி செர்மூலாவோடு காய்களை முதலில் வேகவிட்டு, மீனைக் கடைசியில் வைக்கலாம்.

கூம்பு மூடி ஆவியைத் திருப்பித் தருகிறது என்பது மெய்தான். இறுக்கமான எந்த மூடியும் அதைச் செய்யும். மண்சட்டியின் தனிச்சிறப்பு மெல்ல ஏறி நெடுநேரம் நிற்கும் சூடு. தணலுக்கென்று வனைந்த அதை நேராகக் கேஸ் தீயில் வைத்தால் விரிசல் விடலாம். இடையே ஓர் இரும்புத் தகடு வேண்டும்.

தஜீனில் சேர்க்கும், உப்பில் ஊறிய எலுமிச்சையின் தோலும் ஆலிவும் உப்பைக் கொண்டுவருவதால் செர்மூலாவில் உப்பைக் குறைக்க வேண்டும். கருகிவிடுமோ என்று தண்ணீர் ஊற்றுவோர் உண்டு. தக்காளி விடும் நீரே பெரும்பாலும் போதும். சாறு நீர்த்துவிட்டால் மீனை மேலும் வேகவிடாமல், சாற்றை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்துச் சுண்டவைத்து மேலே ஊற்றுவதே முறை.