குற்றவாளிக் கூண்டில் யார்?

கணிப்பொறியில் கேடு செய்யும் நிரல் ஒன்று புகுந்துவிட்டால், "பயன்படுத்தியவரின் கவனக்குறைவு" என்று உடனே தீர்ப்பளிப்பது நம் வழக்கமாகிவிட்டது. அறியாத கடிதத்தைத் திறந்ததால் வந்த வினை என்பார்கள். சில வேளைகளில் இது உண்மையே. எல்லா வேளைகளிலும் உண்மையன்று என்பதற்கு 2017 மே 12 அன்று பரவிய 'வான்னாக்ரை' சான்றாகும். கோப்புகளைப் பூட்டிப் பணயப் பணம் கேட்ட இந்நிரல், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கியது.

அது பரவிய விதம் என்ன? விண்டோஸ் இயங்குதளத்தில், கணிப்பொறிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் பழைய பகுதி ஒன்று உண்டு. வரும் செய்தியின் அளவைத் தவறாகக் கணக்கிடும் பிழை அதில் இருந்தது. திரித்து எழுதிய செய்தியை அனுப்பினால், அது நினைவகத்தில் தனக்குரிய இடத்தைத் தாண்டி வழியும். வழிந்ததையே கட்டளையாக இயங்கச் செய்யலாம். இதற்கு எவரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. கணிப்பொறி வலையில் இணைந்திருந்தாலே போதும்.

இங்கிலாந்தின் 236 அரசு மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கலாம் என்ற மதிப்பீட்டைப் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் வெளியிட்டது. அடிப்படைப் பாதுகாப்பு முறைகளைப் பின்பற்றியிருந்தால் தடுத்திருக்கலாம் என்பது அதன் முடிவு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே திருத்தத்தை வெளியிட்டிருந்ததால், இம்முடிவில் பிழையில்லை. ஆயினும் மருத்துவத் துறையை மட்டும் ஆராய்ந்த அறிக்கை அது. அதையே முழுத் தீர்ப்பாகக் கொள்வது முறையாகாது.

பழைய இயங்குதளத்துடன் இணைந்தே வந்த ஊடுகதிர்க் கருவிகளை மருத்துவமனைகள் தாமாக மாற்ற இயலாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014இலேயே நின்றது. அதற்கான திருத்தம் பொதுவில் கிடைத்தது தாக்குதலுக்கு மறுநாள்தான். இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவி அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து களவுபோனது என்று மைக்ரோசாஃப்டே வெளிப்படையாகச் சாடியது. நிரலை ஏவியது வடகொரியா என்று அமெரிக்காவும் பிரிட்டனும் குற்றம் சாட்டின, வடகொரியா மறுத்தது.

"வேறு இயங்குதளமாயிருந்தால் இந்நிலை வராது" என்பாரும் உளர். 1988 நவம்பரில் யூனிக்ஸ் கணிப்பொறிகளை முடக்கிய 'மாரிஸ் புழு' கையாண்ட வழிகளுள் ஒன்றும் நினைவக வழிதலே. 29 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வகைப் பிழை நீடித்தது என்றால், குறை ஒரு நிறுவனத்தின் பெயரில் இல்லை. நிரல்களை எழுதி, சோதித்து, விற்கும் முறையில் இருக்கிறது.

ஏவியவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. மற்றவர்களின் பொறுப்பை அளக்க இரண்டு கேள்விகள் போதும்: ஓட்டை இருப்பது யாருக்குத் தெரிந்திருந்தது? அதை அடைக்கும் ஆற்றல் யாரிடம் இருந்தது? ஓட்டையைக் கண்டும் மறைத்தவர், பிழையோடு விற்றவர், எச்சரிக்கை வந்தும் திருத்தாத நிர்வாகி ஆகியோர் இவ்வரிசையில் முன்னே நிற்பர். விசைப்பலகை முன் அமர்ந்திருந்த ஊழியர் கடைசியில் வருவார். சிகிச்சை தள்ளிப்போன நோயாளிக்கு இவ்வரிசையில் இடமே இல்லை. இழப்பு மட்டும் அவருடையதாயிற்று.