கடைசியில் வைத்த அத்தியாயம்

தொழில் கற்றுக்கொடுக்கிற நூல்களை நம் விமரிசகர்கள் தொடுவதில்லை. தொட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று எண்ணம். நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தக் கவலை கிடையாது. ஒரு நூல் வாசகனை எங்கே கைபிடித்து அழைத்துப் போகிறது, எங்கே நட்டாற்றில் விடுகிறது என்று பார்ப்பதுதான் விமரிசனம் என்றால், ‘புரோ கிட்’ என்ற நூலும் அதற்கு உரியதே. ஸ்காட் சாகன் எழுதி 2009-ல் வந்தது. பென் ஸ்ட்ராப் சேர்ந்துகொண்ட இரண்டாம் பதிப்பு 2014-ல். காசு கொடுக்காமலே படிக்கக் கிடைக்கிறது.

கிட் என்பது என்ன என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவன் அதைத் தினமும் திருத்துகிறான். பத்துப் பேர் சேர்ந்து ஒன்றையே திருத்துவதும் உண்டு. எந்த வரியை யார், எப்போது மாற்றினார், மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது என்பதற்கு ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும். பெல் சோதனைச் சாலையில் 1972-லேயே மார்க் ரோச்கைண்ட் அப்படி ஒன்றைச் செய்தார். பின்னால் பல வந்தன. லினக்ஸ் வேலைக்குப் பயன்பட்டுவந்த ‘பிட்கீப்பர்’ இனி இலவசமாகக் கிடையாது என்று ஆனபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தாமே உட்கார்ந்து எழுதத் தொடங்கியதுதான் கிட்.

இதைப் பழகுகிற இளைஞர்கள் சிலரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஏழெட்டுக் கட்டளைகளை ஒரு சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்கிற மாதிரி, வரிசை தவறாமல் அடிக்கிறார்கள். காரியமும் நடக்கிறது. ஒரு நாள் இரண்டு பேருடைய திருத்தங்கள் ஒரே வரியில் மோதி, திரையில் அம்புக்குறிகள் வந்து நின்றதும் முகம் வெளுத்துவிடுகிறது. முழு ஃபோல்டரையும் அழித்துவிட்டு, வேறு இடத்திலிருந்து புதுப் பிரதி எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். இதில் அசட்டுத்தனம் ஒன்றுமில்லை. பயம்தான் காரணம்; கை பட்டால் எது உடையும் என்று தெரியாத பயம்.

இந்தப் பயத்தைப் போக்க ‘புரோ கிட்’ என்ன செய்கிறது? நிறையச் செய்கிறது, ஆனால் தாமதமாகச் செய்கிறது என்பது என் அபிப்பிராயம். முதல் அத்தியாயம் நேர்த்தியானது. கிட் வித்தியாசங்களைக் குறித்துவைப்பதில்லை, ஒவ்வொரு கமிட்டிலும் எல்லாவற்றையும் ஒரு புகைப்படம் போலப் பதிகிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. இரண்டாவதில் கட்டளைகள் வந்துவிடுகின்றன. தவறுகளைத் திருப்புவது எப்படி என்ற பகுதியில், கமிட் செய்த எதையும் அநேகமாக எப்போதும் மீட்டுவிடலாம், விவரத்துக்குப் பத்தாம் அத்தியாயம் பார்க்கவும் என்று ஒரு குறிப்பு. பயந்திருக்கிறவனுக்கு ‘பயப்படாதே’ என்று சொன்னால் போதுமா? ஏன் பயப்பட வேண்டாம் என்பதல்லவா அவனுக்குத் தெரிய வேண்டும்?

அது பத்தாவதில் இருக்கிறது. ஒவ்வொரு பைலின் உள்ளடக்கத்தையும் கிட் எப்படிச் சேமிக்கிறது, அந்த உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு 40 எழுத்துள்ள ஒரு பெயரை எப்படிச் சூட்டுகிறது என்று அங்கேதான் பிரித்துக் காட்டுகிறார்கள். உள்ளடக்கம் ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறிவிடும். ஆகவே பழைய கமிட்டை யாரும் திருத்த முடியாது. திருத்தினோம் என்று நாம் நினைக்கும்போது, பக்கத்தில் புதிதாக ஒன்று உண்டாகியிருக்கிறது. பழையது உள்ளே அப்படியே கிடக்கிறது. ரெஃப்லாக் என்ற குறிப்பேட்டைப் பார்த்தால் சாதாரணமாக 30 நாளாவது அதைத் தேடி எடுத்துவிடலாம். கமிட் செய்யாமல் விட்டது போனால் போனதுதான். பயப்பட வேண்டிய இடம் இது ஒன்று. இவ்வளவும் தெரிந்தவன் ஃபோல்டரை அழிப்பானா?

இந்த அத்தியாயத்தை எங்கே வைப்பது என்று ஆசிரியர்களே தடுமாறியிருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே வேண்டும் என்று சிலரும், புதியவர்களைக் குழப்பிவிடும் என்று சிலரும் சொன்னதால், வேண்டியபோது படித்துக்கொள்ளட்டும் என்று கடைசியில் வைத்துவிட்டதாக அதன் தொடக்கத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் எது எப்போது வேண்டும் என்பது புதியவனுக்கு எப்படித் தெரியும்? அதைத் தீர்மானிக்கத்தானே ஆசிரியர் என்று ஒருவர் இருக்கிறார். (அடித்தளக் கட்டளைகளைக் ‘குழாய் வேலை’ என்றும் மேலே உள்ளவற்றைப் ‘பீங்கான்’ என்றும் கிட்காரர்கள் அழைப்பார்கள். குளியலறையிலிருந்து எடுத்த உவமை. நம் உரையாசிரியர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது.)

ஜோயல் ஸ்போல்ஸ்கி 2010-ல் மெர்க்குரியல் என்ற வேறொரு கருவிக்கு எழுதிய ‘எச்ஜி இனிட்’ சின்ன நூல். அவகாடோ பழத்தில் செய்கிற ஒரு மெக்ஸிகோ துவையலின் செய்முறையைத்தான் உதாரணமாக வைத்துக்கொண்டார். இருவருடைய திருத்தங்களை இணைப்பதற்கு முன்பே, செய்த தவறைச் சரிசெய்வதற்கு ஒரு தனி அத்தியாயம் கொடுத்துவிடுகிறார். அந்த வரிசையில் வாசகனைப் பற்றிய ஞானம் இருக்கிறது.

‘புரோ கிட்’டில் நான் மிகவும் ரசித்தது மூன்றாம் அத்தியாயத்து ரீபேஸ் விவாதம். கமிட்டுகளின் வரிசை, நடந்தது நடந்தபடி வைத்திருக்க வேண்டிய சரித்திரமா, அல்லது சீர்செய்து சொல்ல வேண்டிய கதையா? இரண்டு கட்சியையும் நியாயமாகவே வைக்கிறார்கள். கதைக் கட்சிக்காரர்கள், புத்தகத்தின் முதல் கையெழுத்துப் பிரதியை யாராவது அச்சிடுவார்களா என்கிறார்கள். அடித்துத் திருத்தியே காலம் கழித்த எனக்கு இந்த உவமை நொண்டுகிறது. நாவலைப் படிக்கிறவன் அதைப் பழுதுபார்க்க வருவதில்லை. புரோகிராமின் சரித்திரத்தைப் புரட்டுகிறவனோ, மூன்று வருஷம் முன்பு இந்த வரியை ஏன் போட்டான் என்று தேடி வருகிறவன். அவனுக்கு அடித்தலும் திருத்தலும் கூடச் சாட்சியம். வெளியே அனுப்பிவிட்ட கமிட்டுகளை ரீபேஸ் செய்யாதே என்று ஆசிரியர்கள் முடிவில் விதிக்கிற எல்லை சரியானது. ஆனால் ரீபேஸ் பழைய கமிட்டுகளை நகர்த்துவதில்லை, புதுப் பெயரில் நகலெடுக்கிறது என்பதைப் பத்தாவது படிக்காதவன் முழுக்க உணர மாட்டான். அந்த எல்லை அவனுக்கு இன்னொரு மந்திரமாகவே நிற்கும்.

ஆகவே முதல் இரண்டு அத்தியாயங்களுக்குப் பிறகு நேரே பத்தாவதற்குப் போய், அதன் முதல் மூன்று பகுதிகளையும், இழந்ததை மீட்கும் பகுதியையும் படித்துவிட்டு மூன்றாவதற்குத் திரும்பலாம். நாலாவது, சொந்தமாக சர்வர் வைக்கிறவர்களுக்கு. ஒன்பதாவது, பழைய கருவிகளிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு. மற்றவர்கள் புரட்டிவிட்டுப் போகலாம்.