நிற்கத் தெரிந்த கார்

பழைய கார் வாங்கப் போகிறவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: “பிக்அப் எப்படி?” அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனாலும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டுக்குப் போனாலும் இதே கேள்விதான். விற்பவரும் இதற்கென்றே காத்திருந்தவர் போல இரண்டாவது கியரில் ஓர் உறுமல் காட்டுவார். பேரம் பாதி முடிந்துவிடும். ஆபீஸுக்குப் போய்வர மட்டும் கார் தேடுகிறவருக்கு இது போதுமோ என்னவோ. வாரநாளில் சாலையிலும், எப்போதாவது ஒரு ஞாயிறன்று இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் ஓட்ட ஒரே காரைத் தேடுகிறவர் கேட்க வேண்டியது வேறு. “எப்படி நிற்கும்? பத்தாவது தடவையும் அப்படியே நிற்குமா?” பழைய பெர்ஃபாமன்ஸ் காரை ரசிப்பதும் தேர்ந்தெடுப்பதும் பிரேக் பெடலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி. எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கேள்வி சென்னையின் மேற்குப் புறநகர்க்காரர்களுக்குத் தோன்றாமல் போவது வேடிக்கைதான். 1960களின் தொடக்கத்தில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று அடுத்தடுத்துத் தொழிற்சாலைகள் எழுந்த ஊர் பாடி. நாட்டில் ஓடிய கார்களுக்கும் லாரிகளுக்கும் பிரேக்கையும் சக்கரத்தையும் செய்து அனுப்பிய தெருக்கள் இவை. அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை இருந்தது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வெளிவந்த விஜயந்தா டாங்கியின் எடை ஏறத்தாழ 39 டன். அதையும் ஒருவர் மிதித்து நிறுத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. வண்டியை ஓட்டுவதைவிட நிறுத்துவதற்கான சாமான்களைச் செய்தே பிழைத்த வட்டாரம், செகண்ட் ஹேண்ட் சந்தையில் மட்டும் குதிரைத்திறனைப் பார்த்து மயங்குகிறது.

இந்த மயக்கத்துக்கு ஒரு வரலாற்றுச் சாக்கு சொல்லலாம். சென்னையின் கார்ப் பந்தயம் வளர்ந்தது செங்குன்றம் தாண்டி இருக்கும் சோழவரத்தில். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. விமானம் ஏறுவதற்காகப் போட்ட தரையில் நேர்ப்பாதைதான் அதிகம், அங்கே எஞ்சினுக்கு மரியாதை அதிகம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னாளில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று ஒரு தடம் அமைத்து 1990-ல் திறந்தது. நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் பன்னிரண்டு. ஒரு சுற்றில் பன்னிரண்டு முறை கார் திரும்ப வேண்டும், அவற்றில் பலவற்றுக்கு முன்னால் வேகத்தைக் கொட்டியாக வேண்டும். சோழவரத்துக் கண்ணால் கார் பார்த்து வாங்கி இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டினால், மூன்றாவது சுற்றிலேயே பெடல் பஞ்சாகிவிடும்.

ஏன் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். ஓடும் பொருளின் ஆற்றல் எடையோடு நேராகவும் வேகத்தோடு இருமடி விகிதத்திலும் ஏறும். ஓட்டுநரோடு சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள சின்ன கார் 140-லிருந்து 70-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சில விநாடிகளில் வெளியேற வேண்டிய ஆற்றல், 30 டிகிரியில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் கிட்டத்தட்டப் போதும். 1,500 கிலோ எடையுள்ள பெரிய கார் தன் கூடுதல் சக்தியால் அதே வளைவுக்கு 170-ல் வந்து 70-க்கு இறங்கினால், கொதிக்கும் தண்ணீர் ஐந்து லிட்டரை நெருங்கும். காற்றும் எஞ்சினும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் கையளவு டிஸ்க் பேடுகளின் தலையில் விடியும். அடுத்த வளைவில் மறுபடி. அதற்கடுத்ததில் மறுபடி. வெளியில் காற்றே 38 டிகிரியில் வீசும் ஊரில் அந்த டிஸ்க் எப்போது ஆறும்?

அந்தச் சூடு பேடோடு நிற்பதில்லை, நாம் பிரேக் ஆயில் என்று சொல்லும் திரவத்துக்கும் ஏறுகிறது. டாட் 4 தரத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் இந்தத் திரவம் உப்பைப் போலக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய நிலையில் அதற்கு விதித்த குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி வரும். திரவத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும், குமிழியை அழுத்தினால் அது சுருங்க மட்டுமே செய்யும், பெடல் தரையைத் தொடும். சென்னையின் ஈரக்காற்றில் ஐந்து வருடமாக ஆயில் மாற்றாத கார் நிறையவே உண்டு. சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து போகும்வரை அதன் சாயம் வெளுக்காது. தடத்தில் வெளுத்துவிடும்.

ஆகவே என் சிபாரிசு, ஆயிரம் கிலோவை ஒட்டிய, நூறு குதிரைத்திறனை ஒட்டிய, பராமரித்த கார். 2005-ல் வந்த முதல் தலைமுறை ஸ்விஃப்டின் 1.3 பெட்ரோலில் 87 குதிரைத்திறன்தான். டர்போ கிடையாது, எந்த மெக்கானிக்குக்கும் அத்துப்படி, பாகம் எங்கும் கிடைக்கும். ஃபோர்டு ஃபியஸ்டா 1.6-ன் ஹைட்ராலிக் ஸ்டியரிங், டயரின் அடியில் நடப்பதைக் கைக்குச் சொல்லும் விதத்தில் இன்றைய மின் ஸ்டியரிங்குகள் பலவற்றுக்கு மேலானது. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்துவிட்டதால், வாங்குமுன் பாகங்களுக்கு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கோடு வந்த பெலினோ ஆர்எஸ் விற்பனையில் ஓடாத கார். சந்தை ஒதுக்கியதை ரசிகர் எடுத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர் ஜேயெம் நிறுவனம் டாடாவோடு சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி, 114 குதிரைத்திறனோடு நம் மாநிலத்துக் கைவண்ணம் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம். சீக்கிரமே நின்றுபோன மாடல் என்பதால் அதற்கே உரிய பாகங்களுக்கு அலைய நேரும். எல்லோரும் ஆசைப்படும் போலோ ஜிடி டிஎஸ்ஐ, அதாவது 1.2 டர்போவும் ஏழு கியர் டிஎஸ்ஜியும் சேர்ந்தது, ஓட்ட அருமை. ஆனால் அந்த கியர்பாக்ஸின் கிளட்ச் எண்ணெயில் முங்காத உலர் வகை. நெரிசலிலும் தடத்திலும் சூடு தாங்குவதில் அது எண்ணெயில் ஓடும் வகைக்கு ஈடாகாது, அதை இயக்கும் மெக்காட்ரானிக்ஸ் போனால் செலவு பெரிது. போலோவே வேண்டும் என்றால் கையால் கியர் போடும் 1.0 டிஎஸ்ஐ இருக்கிறது.

கையில் காசிருக்கும்போது 230 குதிரைத்திறன் ஆக்டேவியா ஆர்எஸ்ஸை விட்டுவிட்டு ஸ்விஃப்டை ஏன் ஓட்ட வேண்டும் என்பது நியாயமான ஆட்சேபம். பெரிய காருக்குப் பெரிய பிரேக்கும் உண்டு, மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவில்லையே என்றும் கேட்கலாம். உண்மைதான், புதிதாக இருந்தபோது அந்த பிரேக் அந்த எடைக்குத் தகுந்ததே. பழைய காரில் அதே நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் நான்கு டிஸ்க், பேடுகள், பெரிய சக்கரத்துக்கு நான்கு டயர் வாங்க வேண்டும். அந்தத் தொகையில் சின்ன காரை முழுக்கச் சீர்செய்துவிட்டுச் சில ஞாயிறுகள் தடத்திலும் ஓட்டலாம். இன்னொன்றும் உண்டு. சக்தி அதிகமுள்ள கார் ஓட்டுநரின் தவறை மூடி மறைக்கும். வளைவில் சொதப்பினாலும் வெளியே வந்து மிதித்தால் நேர்ப்பாதையில் ஈடுகட்டிவிடலாம். 87 குதிரைத்திறனில் அந்த மன்னிப்பு கிடையாது. வளைவுக்குள் தேவையில்லாமல் இழந்த ஐந்து கிலோமீட்டர் வேகத்தை அடுத்த வளைவு வரை சுமந்துகொண்டே போக வேண்டும். எங்கே பிரேக்கை விடுவது, எப்போது ஸ்டியரிங்கைத் திருப்புவது என்று உடம்பு கற்றுக்கொள்வது அப்படித்தான். அந்தக் கல்வி முடிந்தவர் ஆக்டேவியாவுக்குப் போகட்டும், தடை சொல்லமாட்டேன்.

சரி, எதிரில் நிற்கும் காரை எப்படிப் படிப்பது? எஞ்சின் அணைந்திருக்கும்போதே பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதித்துவிட்டு அழுத்திப் பிடியுங்கள். கல்போல நிற்க வேண்டும். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. டிஸ்க்கின் ஓரத்தில் விரலை வைத்துத் தடவினால் தேய்மானத்தின் விளிம்பு தட்டுப்படும். விளிம்பு தடித்திருந்தால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது. பிறகு டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். மீட்டர் 30,000 கிலோமீட்டர் காட்டும் கார் மூன்றாவது செட் டயரில் நின்றால், மீட்டரைத் திருத்தியிருக்கிறார்கள் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு டயரும் நான்கு கம்பெனியாக இருந்தால், மலிவு பார்த்தே பராமரித்தவர் கையிலிருந்த வண்டி. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அது வெறும் அலைன்மென்ட்டா, அடிவாங்கிய சேஸியா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளின் முனையில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. கடைசியாக ஓட்டுங்கள், ரேடியோவை அணைத்துவிட்டு. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது புஷ் தேய்ந்த சஸ்பென்ஷன் ‘டொக்’கென்று பதில் சொல்லும்.

இந்த வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு பரிசோதனை உண்டு: வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் கொரட்டூர், அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றது. வண்டி எண்ணில் டிஎன் 12 இருந்தால் பூந்தமல்லி, டிஎன் 13 இருந்தால் அம்பத்தூர்ப் பதிவு. ஆனால் எண் சொல்வது எங்கே பதிந்தார்கள் என்பதை மட்டும்தான், அந்த டிசம்பரில் கார் எங்கே நின்றது என்பதையல்ல. அதை சீட் பெல்ட் சொல்லும். பெல்ட்டை அதன் முழு நீளத்துக்கும் இழுங்கள். சுருளுக்குள்ளேயே இருந்த கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடாகப் படிந்திருக்கும். சீட்டைக் கழுவுகிறவர்கள் அதுவரை கழுவுவதில்லை. தண்ணீர் கண்ட கார் ஆபீஸுக்குப் போய்வரும்; தடத்தின் அதிர்விலும் சூட்டிலும் அதன் ஒயரிங்கையும் ஏபிஎஸ்ஸையும் நம்ப முடியாது.

“ரீமேப், எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன் எல்லாம் போட்டு ரெடியாக இருக்கிறது, உங்களுக்கு லாபம்தானே?” என்று ஆசை காட்டுவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி திருத்துவதைத் தடுக்கிறது. எஃப்சி நாளிலோ சாலைச் சோதனையிலோ அது உங்கள் தலைவலி. சட்டத்தை விட்டாலும், முந்தைய ஓனர் எஞ்சினுக்கு முப்பது குதிரையைக் கூட்டிவிட்டு பிரேக்கைத் தொடாமல் விட்டிருப்பதுதான் வழக்கம். மாறாக, தடத்தில் ஓடிய கார் என்று ஒருவர் ஒளிக்காமல் சொல்லி, ஆயிலும் பேடும் மாற்றிய பில்களை நீட்டினால் பயப்பட வேண்டாம். முறையாகத் தடத்தில் ஓட்டுகிறவர் மற்றவர்களைவிட அடிக்கடி ஆயில் மாற்றுகிறவர்.

தடத்துக்குப் போகும் செலவு எதற்கு, விடியற்காலை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை காலியாகத்தானே கிடக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். காலியாகக் கிடப்பது போலத் தெரியும் அந்தச் சாலையில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி உண்டு, மாடு உண்டு, ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவர் உண்டு. இந்த யோசனைக்கு மரியாதையான பதில் கிடையாது. ஆனால் தடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சாதாரண மோட்டார் பாலிசியில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காப்பீடு இல்லை என்று அச்சிட்டிருக்கும். தடத்தில் சுவரில் இடித்தால் முழுச் செலவும் உங்களுடையது. முழுதாக இழந்தாலும் குடும்பம் ஆடிப்போகாத விலைக்குள் கார் வாங்குங்கள் என்பதற்கும், சின்ன கார் போதும் என்பதற்கும் இது இன்னொரு காரணம்.

கார் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆம் படிவங்களில் கையெழுத்தும் ஆயிற்று என்றால் முதல் செலவை ஸ்பாய்லருக்கோ ஸ்டிக்கருக்கோ செய்யாதீர்கள். ஒரு லிட்டர் புதிய டாட் 4 வாங்கி, நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். வடிந்து வருவது டீ நிறத்தில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.