இன்பவாசிப்பும் ஆரம்பப் பாடசாலையும்
கண்டிப் பிரதேசத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

சிறுவர் இலக்கியம் பற்றி எம்மிடையே நிகழ்ந்துள்ள விவாதங்கள் பெரும்பாலும் 'சிறுவர்க்கு எதனைக் கொடுப்பது?' என்னும் வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. நூலின் பொருள், நடை, அறநோக்கு ஆகியன ஆராயப்பட்டுள்ளன. ஆனால், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை எதற்காக வாசிக்க வேண்டும், எதற்காக எழுத வேண்டும் என்னும் வினா அதேயளவுக்கு எழுப்பப்படவில்லை. பரீட்சைக்காக, ஒழுக்கத்துக்காக, மொழித்தூய்மைக்காக என்ற விடைகள் முன்னரே ஆயத்தமாக இருந்தமை இதற்குக் காரணமாகலாம். 'மகிழ்ச்சிக்காக' என்ற விடை ஆய்வாளர் கவனத்துக்கு உரியதன்று என ஒதுக்கப்பட்டே வந்துள்ளது. அவ்விடையைக் கண்டிப் பிரதேசத்தின் கல்வி வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் உண்டு. நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள், நகரிலும் அக்குறணை முதலிய ஊர்களிலும் வாழும் முஸ்லிம் பிள்ளைகள், கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலைப் பகுதிகளின் தோட்டப் பிள்ளைகள் ஆகிய மூவகையினரும் ஒரே பாடநூலைக் கையிலேந்தும் பிரதேசம் இது. பாடநூல் ஒன்றாயினும் அதற்கு அப்பால் அவர்களுக்குக் கிட்டும் வாசிப்பு ஒன்றன்று. இவ்வேறுபாட்டின் வேர்களை முதலில் நோக்குவோம்.

1. வரலாற்றுப் பின்னணி

கண்டியில் 1838இல் பிறந்த சித்திலெப்பை, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டவர். கண்டியில் முஸ்லிம் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை அமைத்தவரும், பெண்பிள்ளைகளின் கல்விக்காக வாதாடியவரும் அவரே. கல்விச் சீர்திருத்தமும் கதை எழுதுதலும் ஒரே மனிதரிடத்து இணைந்திருந்தமை மனங்கொள்ளத்தக்கது. மக்கள் வாசிக்க வேண்டுமாயின் பாடசாலை மட்டும் போதாது, வாசிக்கத் தூண்டும் எழுத்தும் வேண்டும் என்னும் உணர்வு அம்முயற்சிகளிற் புலப்படுகின்றது.

தோட்டப் பாடசாலையின் தோற்றமோ வேறு வகைப்பட்டது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலைச் செய்கையைத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. பத்து வயதுக்குப் பின்னர் அப்பிள்ளை கொழுந்து பறிக்கும் கையாகவே கருதப்பட்டது. இத்தகைய கல்விக்கு எழுத்தறிவு தேவையாயிருந்தது, வாசிப்பு தேவையாயிருக்கவில்லை. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டங்களை உரிய காலத்திற் சென்றடையவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து, 1970களின் பிற்பகுதியிலேயே தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வரத்தொடங்கின.

1980 முதல் இலவசப் பாடநூல்கள் கிடைத்தன. 1999இல் நாடு முழுவதும் முதலாந் தரத்தில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றனையும் கற்றலின் வழிகளாக ஏற்றுக்கொண்டது. கொள்கையளவில் மகிழ்ச்சிக்கு இடம் கொடுக்கப்பட்டாயிற்று. ஆயினும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்க நெருங்க அவ்விடம் சுருங்கிவிடுகின்றது. பிள்ளையின் பையிலுள்ள பாடநூலல்லாத நூல் பெரும்பாலும் மாதிரி வினாத்தாட் தொகுப்பாகவே இருக்கின்றது. வறிய குடும்பத்தின் பிள்ளை நல்ல பாடசாலையொன்றில் இடம் பெற அப்பரீட்சை திறக்கும் வாயில் சிறிதன்று. எனவே பெற்றாரைக் குறைகூறுவதிற் பயனில்லை. வாயிலின் குறுக்கமே வாசிப்பின் குறுக்கத்துக்கும் காரணமாகின்றது.

2. சிறுவர்க்கான எழுத்து

ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் தமிழ்ப் பாடநூலாக்கத்திற் பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. தெளிவான உரைநடையைப் பிள்ளைக்கு அறிமுகஞ் செய்தவை அவை. எனினும் அவற்றின் நோக்கு சமய ஒழுக்கத்திலேயே நிலைகொண்டிருந்தது. பிள்ளை அங்கே திருத்தப்பட வேண்டியவர். மகிழ்விக்கப்பட வேண்டியவர் அல்லர்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரிடத்தே இந்நிலை மாறுகின்றது. 'ஆடிப்பிறப்பு'ப் பாடல் பாடசாலை விடுமுறையின் களிப்போடு தொடங்குகின்றது. 'கத்தரி வெருளி' தோட்டத்துப் பொம்மையை ஒரு காவலாளாக எண்ணி விளிக்கின்றது. பிள்ளையின் பார்வையிலிருந்து உலகை நோக்கும் ஆற்றல் இங்கு வெளிப்படுகின்றது.

இப்பாடல்கள் யாழ்ப்பாணத்து விவசாய வாழ்விலே வேரூன்றியவை. கூழும் பனையும் அறியாத மலையகப் பிள்ளைக்கு அவை அந்நியமானவை என்று வாதிடப்படுவதுண்டு. இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது பாதியுண்மையே. பிள்ளையின் இன்பம் அறிந்த பொருளில் மட்டும் தங்கியிருப்பதன்று. பேசும் வேதாளத்தை எந்தப் பிள்ளையும் கண்டதில்லை; எனினும் 'அம்புலிமாமா'வின் பக்கங்களை அட்டை கிழியும்வரை கைமாற்றி வாசித்த தலைமுறைகள் எம்மிடையே உண்டு. ஆகவே குறை புலவரின் பாடலில் இல்லை. அதற்கு இணையாக மலையகப் பிள்ளையின் உலகமும் ஏனைய பிள்ளைகளின் வாசிப்புக்கு வந்து சேரவில்லை என்பதே குறை. பனையை ஹந்தானைப் பிள்ளை அறிய வேண்டும். பனிமூட்டத்தையும் பிள்ளைக்காம்பராவையும் பருத்தித்துறைப் பிள்ளை அறிய வேண்டும். கொடுக்கல் ஒரு திசையிலேயே நிகழ்ந்து வந்துள்ளது.

முற்போக்கு எழுத்தாளரும் இதற்கு முழுமையாக ஈடு செய்தனர் எனல் இயலாது. மலையகச் சிறுகதைகளிற் பிள்ளைகள் வருகின்றனர். பசியோடும் நோயோடும் படிப்பை இடைநிறுத்திய துயரோடும் வருகின்றனர். அச்சித்திரிப்பு உண்மையானது, அவசியமானது. ஆயின் அது பிள்ளையைப் பற்றி வளர்ந்தோருக்கு எழுதப்பட்டது. லயத்துப் பிள்ளை சிரிக்கின்றது, விடுகதை போடுகின்றது, காமன் கூத்தைப் பார்த்து வந்து மறுநாள் தானே ஆடிக்காட்டுகின்றது. 1983இல் வெளிவந்த சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' போன்ற தொகுப்புகள் இம்மக்களின் வாய்மொழிச் செல்வத்தை உணர்த்துகின்றன. அச்செல்வம் ஆரம்ப வகுப்பின் வாசிப்பு நூலாக வடிவம் பெறுதல் வேண்டும்.

3. சிறுவரின் எழுத்து

வாசிப்பைவிட எழுத்தின் நிலை கவலைக்குரியது. 'எனது பாடசாலை', 'பசு', பேனா தன் கதை கூறுதல் என்னும் தலைப்புகளுக்கு மாதிரிக் கட்டுரைகள் அச்சில் உள்ளன. பிள்ளை அவற்றை மனனஞ் செய்து எழுதுகின்றது. பேனா பேசுகின்றது, பிள்ளை பேசுவதில்லை. சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி இதனைத் தெளிவாகக் கண்டவர். எழுத்துகளை வரையும் கைத்திறனைக் கற்பித்துவிட்டு எழுத்து மொழியைக் கற்பித்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம் என்பதும், பிள்ளைக்குத் தேவைப்படும் ஒரு செயலாக எழுத்து அமைதல் வேண்டும் என்பதும் அவர் கருத்துகளாகும்.

யஸ்னயா பொல்யானாவில் தோல்ஸ்தோய் நடத்திய விவசாயப் பிள்ளைகளுக்கான பாடசாலையின் அனுபவமும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரு பழமொழியை வைத்துக் கதையெழுதுமாறு பிள்ளைகளைக் கேட்ட அவர், பின்னர் தாமே எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து நின்று அவர் எழுதியதைத் திருத்தினர். கதைமாந்தர் எவ்வாறு நடந்துகொள்வர் என்று வாதிட்டனர். விவசாயப் பிள்ளைகள் எம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்னும் வினாவை 1862இல் எழுதிய கட்டுரையில் அவர் எழுப்பியமைக்கு இவ்வனுபவமே அடிப்படை.

எம்மிடையே இவ்வினா மொழிப் பிரச்சினையாக உருவெடுக்கின்றது. 1960களின் தொடக்கத்தில், பேச்சுவழக்கைப் புனைகதையிற் கையாள்வது 'இழிசனர் வழக்கு' எனப் பழிக்கப்பட்டபோது, முற்போக்காளர் அதனை எதிர்த்து வாதாடி வென்றனர். இன்று மக்கள் மொழியை மறுத்து நாவல் எழுதுவோர் அரியர். ஆனால் அதே மொழி ஏழு வயதுப் பிள்ளையின் கொப்பியில் இடம்பெற்றால் சிவப்பு மையால் வெட்டப்படுகின்றது. எழுத்தாளனுக்குப் பெற்றுக்கொடுத்த உரிமையைப் பிள்ளைக்குப் பெற்றுக்கொடுக்க நாம் தவறியுள்ளோம். தன் வீட்டு மொழி பிழை என்று முதல் நாளே கற்கும் பிள்ளை, எழுதாமலிருப்பதே பாதுகாப்பு என்பதனையும் உடன் கற்றுக்கொள்கின்றது.

4. ஒரு மறுப்பும் விடையும்

இவ்விடத்து வலுவான மறுப்பொன்றை எதிர்கொள்ள வேண்டும். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்குச் செந்தரத் தமிழும் ஆங்கிலமும் வீட்டிலேயே கிடைக்கின்றன. வறிய பிள்ளைக்குப் பாடசாலையே ஒரே வாயில். அங்கும் விளையாட்டும் வீட்டு மொழியும் என்றால், அப்பிள்ளை அதிகாரத்தின் மொழியை எங்கே கற்கும்? இத்தாலியில் 1923இல் வந்த கல்விச் சீர்திருத்தத்தை விமர்சித்த கிராம்ஷி இத்தகையதோர் ஐயத்தையே எழுப்பினார். கற்றல் உழைப்பை வேண்டுவது. அவ்வுழைப்பைத் தளர்த்துவது தொழிலாளர் பிள்ளைகளுக்கே பாதகமாகும் என அவர் கருதினார்.

இம்மறுப்பை நாம் புறந்தள்ளவில்லை. செந்தர மொழியைத் தோட்டப் பிள்ளைக்கு மறுப்பது முற்போக்கன்று. ஆனால் இன்பமும் உழைப்பும் எதிரெதிரானவை என்னும் எடுகோளே இங்குத் தவறானது. தான் விரும்பிய கதையின் முடிவை அறியும் ஆவலில் ஐம்பது பக்கம் வாசிக்கும் பிள்ளை செய்வதும் கடும் உழைப்பே. அதன்வழி செந்தர மொழியின் வாக்கியம் இலக்கண விதிக்கு முன்னரே பிள்ளையின் காதில் ஏறிவிடுகின்றது. முதல் வரைவை வீட்டு மொழியில் எழுதி, பிறர் வாசிப்பதற்காக அதனைச் செப்பனிடும் பிள்ளை, செந்தரத்தின் தேவையைத் தானே உணர்கின்றது. இன்பவாசிப்பு இன்று நூல்கள் நிறைந்த வீட்டின் தனியுரிமையாக உள்ளது. அவ்வுரிமையைப் பொதுமையாக்குவதே எமது கோரிக்கை.

5. செய்யத்தக்கன

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எமது பாடசாலைகளுக்குக் கையெழுத்துச் சஞ்சிகை மரபொன்று உண்டு. பிரான்சில் 1920களில் பிரெனே என்னும் ஆசிரியர் வகுப்பறைக்குள் அச்சுப்பொறியைக் கொணர்ந்து, பிள்ளைகளின் எழுத்தையே வாசிப்பு நூலாக்கினார். எமது கையெழுத்துச் சஞ்சிகையை உயர்வகுப்புகளிலிருந்து மூன்றாந் தரத்துக்கு இறக்கினால் அதுவே எமது அச்சுப்பொறியாகும். 2020இல் சிபில் வெத்தசிங்கவின் 'வொண்டர் கிறிஸ்டல்' என்னும் கதைக்குப் பிள்ளைகள் எழுதிய 1,250 மாற்று முடிவுகள் ஒரே நூலில் வெளிவந்து கின்னஸ் சாதனையாகப் பதிவாகின. முடிவைத் தம்மிடம் விட்டால் பிள்ளைகள் எழுதுவர் என்பதற்கு இந்நாட்டிலேயே கிடைத்த சான்று அது.

கண்டியில் டி. எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் உண்டு. பேராதனையிற் பல்கலைக்கழகம் உண்டு. அந்நூலகத்துக்குப் பேருந்தேறி வரத் தோட்டப் பிள்ளையால் இயலாது. நூல்கள் அப்பிள்ளையை நாடிச் செல்ல வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் விடுமுறைக் காலங்களில் வாய்மொழிக் கதைகளைச் சேகரித்து, பெரிய எழுத்திற் படங்களோடு சிறு நூல்களாக்கலாம். அவற்றைத் திருத்தும் பொறுப்பு பேராசிரியர்களுக்கன்றி, அவற்றை வாசிக்கும் பிள்ளைகளுக்கே வழங்கப்படல் வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளையேனும் வினாவின்றி, புள்ளியின்றி வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒதுக்கப்படல் வேண்டும்.

மலையக இலக்கியத்தின் எதிர்காலம் பற்றி நாம் கருத்தரங்குகளிற் பேசி வருகிறோம். அவ்விலக்கியத்தை நாளை எழுதப்போகிறவர் இன்று ஏதோவொரு தோட்டப் பாடசாலையில் மூன்றாந் தரத்தில் இருக்கின்றார். அவர் எழுதியதில் எத்தனை பிழை என்று எண்ணுவதற்கு முன்னர், அவர் என்ன சொல்கின்றார் என்று வாசிக்கும் ஓர் ஆசிரியர் அவருக்குக் கிடைத்தல் வேண்டும். ஆசிரியர் பயிற்சி அதிலிருந்தே தொடங்குதல் தகும்.