உரிவையும் பட்டும்

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் வரலாறு இடைநிலைப் பள்ளி வகுப்புகளில் ஆண்டுதோறும் சொல்லப்படுவது. கொடைமடம் என்னும் சொல்லுக்கு எடுத்துக்காட்டாக அதனை நிறுத்திவிட்டு, வள்ளல் எழுவரின் பட்டியலுக்குள் ஆசிரியர் கடந்துபோவதே பெரும்பாலும் வழக்கம். மயிலுக்கு அதன் தோகையே போர்வையாயிற்றே என்று புன்னகையோடு சுட்டுவாரும் உளர். ஆயின், அந்நிகழ்ச்சியின் உட்பொருள் வேறோரிடத்தில் இருக்கிறது. விலங்கின் தோலையும் மயிரையும் கொண்டு மனிதன் தன் குளிரைப் போக்கிக்கொண்ட வரலாறே உலகெங்கும் காணப்படுவது. பேகன் கதை அதனை நேர்மாறாகத் திருப்பிவிடுகிறது. ஈண்டு மனிதனின் ஆடை பறவையின்மேல் சென்று விழுகிறது. உடுப்புக்கும் உயிருக்கும் உள்ள உறவைப் பற்றித் தமிழ் இலக்கியம் என்ன நினைத்தது என்று ஆராயப் புகுவார்க்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் கிடையாது.

ஆனால் தொடக்கத்தோடு நின்றுவிட முடியாது. பேகன் ஆவியர் குடியினன். பொதினி என வழங்கிய பழனிமலைப் பகுதிக்கு உரியவன். அதே மலையடியில் உள்ள திருவாவினன்குடியைத் திருமுருகாற்றுப்படை பாடுகிறது. அங்கே முருகனைக் காண வரும் முனிவர்கள் மரவுரி உடுத்து, மானின் உரிவையை மார்பில் போர்த்து நிற்கின்றனர். நோன்பினால் அவர்களின் உடல் வற்றி எலும்பு புலப்படுவதைக் கூர்ந்து நோக்கிய நக்கீரரின் கண், அந்த மான் எவ்வாறு இறந்தது என்பதை நோக்கவில்லை. தன் உடலை ஒறுத்துக்கொள்வது தவம் எனக் கொண்ட பார்வைக்குப் பிறிதோர் உடல் உரிக்கப்பட்டது ஒரு பொருளாகத் தோன்றவில்லை போலும்.

சங்கப் பாடல்களில் தோல் என்பது பெரும்பாலும் வெற்றியின் அடையாளமே. கலித்தொகையின் கடவுள் வாழ்த்தில் ஆடும் இறைவன் கொல்புலியின் தோலை உடுத்தவன். யானையை உரித்துப் போர்த்த கதைக்கு வழுவூர் இன்றும் தலமாக விளங்குகிறது. புறநானூற்றின் 288ஆம் பாட்டு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. இரண்டு ஏறுகளைப் பொரவிட்டு, வென்ற ஏற்றின் தோலை மயிர் சீவாமல் போர்த்துப் போர்முரசம் செய்தனர் என்பது அதன் செய்தி. தோற்றது பிழைத்ததோ இல்லையோ, வென்ற விலங்குக்குக் கிடைத்த பரிசு இதுதான்! அதன் வலிமை முரசில் தங்கும் என்ற நம்பிக்கையைப் பழங்குடி வழக்காறாக விளக்கலாம். விளக்குவது வேறு, போற்றுவது வேறு என்பதை மட்டும் உரைகாரர்கள் மறந்துவிடலாகாது.

திருக்குறளில் வரும் கவரிமா இவற்றைவிடச் சிக்கலானது. அதனை மான் என்று கொண்டு பாடநூல்களில் படம் வரைவதுகூட உண்டு. இமயச் சாரலில் நரந்தம்புல் மேயும் கவரியைப் புறநானூறு பாடுவதைக் கொண்டு, நீண்ட மயிருடைய மாட்டினம் அது என்பார் கருத்தே பொருத்தமாகத் தெரிகிறது. மயிர் நீங்கின் அது உயிர் வாழாது என்னும் உவமையை மானத்தின் சிகரமாக ஆசிரியர் எடுத்துரைப்பர். மயிர் எதனால் நீங்கியது என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. அரசர்க்கு வீசும் சாமரம் அந்த மயிரால் ஆனது. விலங்கின் இழப்பு மனிதனின் பெருமிதத்துக்கு உவமையாகிறது. இழப்பை உண்டாக்கிய கை உவமைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பட்டைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனின் கந்தலைக் களைந்து பட்டுடை நல்குகிறான். பதிற்றுப்பத்தின் 12ஆம் பாட்டிலோ, நூலாக் கலிங்கம் என்றொரு தொடர் வருகிறது; நூற்கப்படாத ஆடை என்பது பொருள். அதனைப் பட்டு என்று கொள்வர். நூற்கப்படாததாம்! மனிதன் நூற்கவில்லை என்பதே உண்மை. நூற்றது புழு. தன் கூட்டைச் சுற்றி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நீளமுள்ள ஒற்றை இழையை அது விடுகிறது. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறினால் இழை அறுபடும். ஆதலின், உள்ளே கூட்டுப்புழு இருக்கும்போதே ஆவியிலோ வெப்பத்திலோ அதனைக் கொன்று, கூட்டை வெந்நீரில் இட்டு நூலை உருவுகின்றனர். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். நூற்றவனை இல்லாதவனாக்கிய அந்தப் பழந்தொடரின் மௌனம் ஈராயிரம் ஆண்டாகக் கலையவில்லை.

இனி, வள்ளுவர். புலான்மறுத்தல் அதிகாரம் ஊனை மட்டும் பேசுகிறது; தோலையும் பட்டையும் பெயரிட்டுக் கூறவில்லை. ஆகவே உடைக்கு அவ்வறம் பொருந்தாது என்று வாதிடுவார் உளர். அவ்வாதம் நிலைக்காது. தின்பதற்காக உலகம் கொல்லாவிடின் விலைக்கு ஊன் தருவாரும் இல்லை என்று 256ஆம் குறள் நிறுவும் காரணகாரியத் தொடர்பு, வாங்குவோனையும் கொல்வோனையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. அக்கயிறு வயிற்றோடு முடிவதற்கு எந்த நியாயமும் இல்லை. சமணத் திகம்பர முனிவர் மயில் தானே உதிர்த்த பீலியையே ஏந்துவர் என்பதை இதனோடு ஒப்பிடலாம். உதிர்ந்ததற்கும் உரித்ததற்கும் உள்ள வேற்றுமையை இந்நாட்டு அறமரபு நன்கறியும்.

பண்டை நூல்களை இக்கால அளவுகோலால் அளக்கலாமா என்ற தடை எழும். மலைக்குளிரில் தவம் செய்தோன் போர்த்த ஒரு தோலையும், கம்பிக் கூண்டுகளில் இலட்சக்கணக்கில் வளர்த்துக் கொல்லும் மிங்க் விலங்கின் மென்மயிர்த் தோலையும் ஒரு தட்டில் வைப்பது நேர்மையன்றுதான். 2020ஆம் ஆண்டில் டென்மார்க்கில் கொரோனாக் கிருமி பண்ணைகளில் பரவியபோது ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மிங்குகளை அழித்தனர்; தொழிலின் பேரளவை உலகம் அன்றுதான் கண்டது. பிரிட்டன் 2000ஆம் ஆண்டிலேயே அத்தகைய பண்ணைகளைச் சட்டத்தால் தடுத்திருந்தது. அதே வேளையில், கடல்நாய்ப் பொருள்களுக்கு 2009இல் தடை விதித்த ஐரோப்பிய ஒன்றியம், மரபுவழி வேட்டையாடும் இனுயிட் மக்களுக்கு விலக்கு அளித்தது. தேவைக்கும் பகட்டுக்கும் இடையே கோடு கிழிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்நாடுகளில் மென்மயிர்த் தோலை எவரும் உடுத்துவதில்லை. ஆதலின் அதனைக் கண்டித்து மாணவர் எழுதும் கட்டுரைகளில் சினம் எளிதாகப் பொங்குகிறது, செலவில்லாத சினம். சிராங்கூன் சாலையிலும் கிள்ளானிலும் திருமணத்துக்குக் கூறைப்பட்டு தேர்ந்தெடுக்கும் குடும்பத்திடம் அதே கேள்வியை வைத்தால் அத்தகைய வேகம் இராது. பூச்சி வெளியேறிய கூடுகளைப் பஞ்சைப்போல் நூற்று நெய்யும் அகிம்சைப் பட்டு இன்று கிடைக்கிறது. அதில் மினுக்கம் குறைவு. மணப்பந்தலில் அந்தக் குறைவை ஏற்க எத்தனை தாய்மார் முன்வருவர் என்பது வேறு செய்தி.

பேகனைப் பாடிய பரணருக்கு இந்த முரண் தெரிந்தே இருந்தது. புறநானூற்றின் 145ஆம் பாட்டில், மயிலுக்குப் படாம் ஈந்த அவன் அருளை முதலில் போற்றிவிட்டு, அவனால் துறக்கப்பட்ட மனைவி கண்ணகியின் துயரைக் களையுமாறு வேண்டுகிறார். பசித்து வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றத்தின் சுமையும் இல்லை, இதுவே தமக்குப் பரிசில் என்கிறார். வகுப்பறைக் குறிப்புகளில் மயில் மட்டும் இடம்பெறுகிறது. இந்தப் பாட்டின் பிற்பகுதி விடுபட்டுப் போகிறது.