ஒரு நட்சத்திரம் கூடுதல்

பெட்டியைத் திறந்ததும் கண் நேராக இடுப்புக்குத்தான் போனது. அமெரிக்க ஜெனரல் ஜார்ஜ் பாட்டன் என்றாலே தந்தப்பிடி போட்ட அந்த ரிவால்வர்கள்தானே. ஆறில் ஒரு பங்கு அளவு, முப்பது சென்டிமீட்டர் உயரம், நிஜத் துணியில் தைத்த உடுப்பு. பொம்மை என்று சொன்னால் சேகரிப்பாளர்கள் முறைப்பார்கள். ஃபிகர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். விலையைப் பார்த்தால் அவர்கள் முறைப்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் காசுக்குச் சுமாரான ஸ்மார்ட்போன் ஒன்று வாங்கிவிடலாம்.

முகம் பிரமாதம். பாட்டன் சிலை செய்பவர்கள் பலர், 1970-இல் வந்த படத்தில் அவராக நடித்த ஜார்ஜ் சி. ஸ்காட்டின் முகத்தைச் செய்து வைத்துவிடுவார்கள். இதில் அந்தக் கோளாறு இல்லை. மெல்லிய உதடு, கொஞ்சம் தொங்கிய கன்னம், எரிச்சலில் சுருங்கிய கண். அசல் ஆள்தான்.

துப்பாக்கிகளில்தான் சறுக்கல். பாட்டன் வைத்திருந்தவை ஜோடித் துப்பாக்கிகள் அல்ல. ஒன்று 1916-இல் வாங்கிய .45 கோல்ட், வெள்ளிப் பூச்சும் செதுக்கு வேலைப்பாடும் கொண்டது, குழல் நாலே முக்கால் அங்குலம். மற்றது 1935-இல் வாங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னம்; கருநீல நிறம், மூன்றரை அங்குலக் குழல். இந்த அளவில் இரண்டுக்கும் ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். கம்பெனிக்காரர்களோ ஒரே அச்சில் இரண்டை வார்த்து, இரண்டுக்கும் வெள்ளி பூசி உறையில் செருகிவிட்டார்கள். பிடியில் வேறு முத்துச்சிப்பி மினுக்கம். தந்தத்தை யாராவது முத்துச்சிப்பி என்று சொல்லிவிட்டால் பாட்டன் கொதித்துப்போவாராம்.

அடுத்தது ஹெல்மெட். பெட்டியின் மேல் ‘பாஸ்டோன், டிசம்பர் 1944’ என்று அச்சிட்டிருக்கிறது. அதற்கேற்பக் கனத்த குளிர்கால ஓவர்கோட்டும் உண்டு. ஹெல்மெட்டில் மட்டும் நான்கு நட்சத்திரம். இரண்டாம் உலகப் போரில் பாஸ்டோன் நகரத்தின் முற்றுகையை அவருடைய மூன்றாம் படை உடைத்தபோது அவர் மூன்று நட்சத்திர லெப்டினன்ட் ஜெனரல். நான்காவது கிடைத்தது 1945 ஏப்ரலில். ஒன்றைப் பிடுங்கிவிடலாமே என்று ட்வீசரை எடுத்தேன். வந்துவிட்டது, கூடவே பெயின்ட்டும். மிச்ச மூன்றும் இப்போது ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கின்றன.

மூட்டுகள் இறுக்கமாக இருக்கின்றன. கையை இடுப்பில் ஊன்றி நிறுத்தினால் நாள்கணக்கில் அப்படியே நிற்கிறார். பூட்ஸ் மாட்டுவதற்குள் விரல் நகம் போய்விடும். ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டினால் நெகிழ்கிறது.

கூடவே வரும் வில்லி, அவர் வளர்த்த வெள்ளை புல் டெரியர், அசையாத ஒரே வார்ப்பு. பாட்டன் 1945 டிசம்பரில் இறந்த பிறகு, அவருடைய பெட்டிகளுக்குப் பக்கத்தில் வில்லி தரையோடு தரையாகப் படுத்திருக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, விறைத்து நிற்கும் இந்த நாய் யாரோ வீட்டு நாயாகத்தான் படும்.

முகத்துக்காக மட்டும் வாங்கலாம், அதுவும் தள்ளுபடியில். இரண்டாவது துப்பாக்கியின் குழலை நான் உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு மில்லிமீட்டர் பாக்கி.