திடலுக்கு உரிய குரல்: நாகூர் ஹனிபாவின் இசைப்பணி

ஒரு பாடகரை மதிப்பிடப் புகுவோர், அவர் எவ்விடத்தில் நின்று யாருக்காகப் பாடினார் என்பதை முதலில் வினவுதல் வேண்டும். சபை மேடைக்குரிய அளவுகோலால் திடலில் எழுந்த பாட்டை அளப்பது, மரக்காலால் துணியை அளப்பதை ஒக்கும். நாகூர் இ. எம். ஹனிபாவின் திறனை இசை விமரிசகர் பலர் விரிவாக ஆராயாது விட்டதற்கு இதுவே காரணம் எனலாம்.

1919இல் பிறந்து, 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்த ஹனிபா, இளமையிலேயே சுயமரியாதை இயக்க மேடைகளில் பாடியவர். பின்னர்த் திராவிட முன்னேற்றக் கழகத்தின் குரலாகவே விளங்கினார். சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். திரைப்படம் அவரைச் சிறிதளவே பயன்படுத்திக் கொண்டது. ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தில் டி. எம். சௌந்தரராசனுடனும், ‘செம்பருத்தி’ (1992) படத்தில் மனோவுடனும் அவர் பாடினார். அவரது உண்மையான அரங்கம் கட்சிக் கூட்டமும், மீலாது விழாவும், திருமண வீடுமே.

அவர் குரல் ஓங்கியது; ஓங்கியும் சொல்லைச் சிதைக்காதது. கீர்த்தனையில் சங்கதிகள் விரிய விரிய, சொல் இசைக்குள் கரைந்துவிடுவதுண்டு. ஹனிபாவிடம் இசை சொல்லைச் சுமந்து செல்லும் வண்டியாகிறது. பொருள் முடியுமிடத்தில் மூச்சு நிற்கும்; லகர, ளகர, ழகரங்கள் தத்தம் ஒலியோடு திடலின் கடைசி வரிசையை எட்டும். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் அவரது புகழ்பெற்ற பாடல் பிற சமயத்தாராலும் விரும்பிக் கேட்கப்படுவதற்கு, ‘இறைவன்’ என்ற பொதுச்சொல் மட்டும் காரணமன்று. அச்சொல்லை ஐயத்துக்கு இடமின்றி அவர் ஒலித்த முறையும் காரணமாகும். உமறுப்புலவர் காவியத்தில் நாட்டிய தமிழிசுலாமிய மரபை, ஏடறியாதார் செவிக்கும் கொண்டு சேர்த்தவர் அவர்.

குறைகளும் உள. ஒரே உச்சத்தில் நிற்கும் குரலில் குழைவுக்கு இடம் குறைவு. கட்சிப் பாடல்களுட் பல, அவை எழுந்த தேர்தலோடு வாடிவிட்டன. இந்தித் திரைப்பாடல்களின் மெட்டுகளைத் தழுவிய பாடல்களில் புதுமை நாடுவோர் ஏமாற்றமே அடைவர். எனினும், இந்நகரில் பிறந்த மெட்டொன்று தமிழ்ச்சொல் பூண்டு இந்நகருக்கே மீள்வதை மும்பைத் தமிழர் வேறு கண்ணோடும் காணலாம்.

நமக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பொன்று உண்டு. மாட்டுங்காவின் கச்சேரி மரபை நம் மலர்கள் போற்றி வந்துள்ளன, அது தக்கதே. ஆயின் அங்கிருந்து நடந்தே சென்றடையக்கூடிய தாராவியில், நெல்லைச் சீமையிலிருந்து வந்த தமிழ் முசுலிம்களும் ஆதிதிராவிடரும் தோல் பதனிட்டு வாழ்ந்தனர். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887இல் தோன்றியது; விநாயகர் கோயில் 1913இல் எழுந்தது. அச்சந்துகளில் ஒலிபெருக்கி வழியே கேட்ட பாட்டும் நம் இசை வரலாறே. அதனை எழுதாது விடின், நம் வரலாற்றில் பாதியையே எழுதியவராவோம்.

தமிழ் எழுத்தறியாது இங்கு வளரும் நம் பிள்ளைகளுக்கு, ஹனிபாவின் பாடலொன்றைக் கேட்கச் செய்து, கேட்ட சொற்களைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் பிழையின்றிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அப்பாடகரின் திறனுக்குச் சான்று பகரும்.